பென்சிலில் எழுதிய பதில்

அம்மா சாட்சி சொல்லப் போகிறாள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அன்றைக்கு நான் சபைக்கே போயிருக்க மாட்டேன். காய்ச்சல், வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். அப்பாவுக்கும் தெரியாது. "யாராவது சாட்சி சொல்ல விரும்பினா முன்னாடி வரலாம்" என்று பாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்துபோய் மைக்கைப் பிடித்துவிட்டாள்.

முடிச்சூர் ரோட்டில் இருக்கும் எங்கள் சபையில் இது ஒவ்வொரு ஞாயிறும் நடப்பதுதான். ஆராதனைக்கு நடுவே கால் மணி நேரம். கர்த்தர் தனக்கு என்ன செய்தார் என்று யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். சுகர் இறங்கியது, பெண்ணுக்கு வரன் அமைந்தது, பெருங்களத்தூரில் வாங்கிய ஃப்ளாட்டுக்கு ஒரு வழியாகத் தண்ணீர் வந்தது. ஆனால் இதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் எவ்வளவு ஆழமான குழியில் கிடந்தேன் என்று சொல்ல வேண்டும். குழி ஆழமாக இருந்தால்தான் தூக்கிவிட்டவருக்கு மகிமை. நன்றாகச் சாட்சி சொல்கிறவர்கள் குழியைப் பற்றியே பத்து நிமிஷம் பேசுவார்கள்.

அம்மா பியூலா சேலையூரில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லிச் சொல்லிப் பழகியவள். எதையும் விட்டுவிட மாட்டாள்.

"என் மகன் எபிக்கு கவர்மெண்ட் வேலை கிடைச்சிருக்கு. ஆர்டர் கைக்கு வந்துடுச்சு" என்றாள்.

"ஸ்தோத்திரம்" என்று சபை முழுக்கச் சொன்னது. முன் வரிசை ஆன்ட்டிகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்துவைத்தேன்.

"ஆனா நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே பிள்ளை கஞ்சா கேஸ்ல போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருந்தான்."

இந்த முறை ஸ்தோத்திரம் பாதியில் நின்றுவிட்டது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் பைபிளைத் திறந்து ஏதோ பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.

எனக்கு அவமானத்தை விடப் பயம்தான் பெரிதாக இருந்தது. வேலை என் கைக்கு இன்னும் முழுதாக வரவில்லை. குரூப் ஃபோர் பரீட்சை மூன்று தடவை எழுதி, கடைசியில் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் பணி. ஆர்டரில் கீழே பொடி எழுத்தில், போலீஸ் விசாரணை முடிந்தபிறகுதான் உறுதி என்று போட்டிருந்தது. அந்த விசாரணைக்கு நாங்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் பன்னிரண்டாவது கேள்வி இது: எப்போதாவது குற்ற வழக்கில் கைது செய்யப்பட்டதுண்டா, அபராதமோ தண்டனையோ விதிக்கப்பட்டதுண்டா, ஆம் எனில் முழு விவரம் தருக. அதற்கு நேரே நான் என் கையால் 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

அதை எழுதச் சொன்னவர் அப்பா. பெயர் ஏசுதாசன். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். எந்தப் படிவமாக இருந்தாலும் முதலில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதில் பென்சிலால் ரஃப் காப்பி போடுவார். ரேஷன் கார்டில் பெயர் மாற்றுவதற்கும் ரஃப் காப்பி, பாங்க் செலானுக்கும் ரஃப் காப்பி. அதைப் பார்த்து நான் பேனாவில் ஃபேர் காப்பி எடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். இந்தப் படிவத்துக்கும் அப்படித்தான் நடந்தது. பன்னிரண்டாவது கேள்வியில் பென்சிலில் இல்லை என்று இருந்ததைப் பார்த்து, "அப்பா, கேஸ் இருந்துச்சே" என்று கேட்டேன். "அதான் அன்னைக்கே முடிஞ்சு போச்சே, பாத்து எழுது" என்றார். பாத்து எழுதினேன். சிறுசேரியில் காண்ட்ராக்ட்டில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் ராஜினாமா செய்துவிட்டேன். அதற்கு நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. படிவத்தில் இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. அவள் பாட்டுக்கு மைக்கில் குழியைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"காலேஜ் மூணாவது வருஷம். பேண்ட் பாக்கெட்ல பொட்டலம். பரீட்சையில எல்லாம் ஃபெயில். நாங்க அழாத நாள் இல்ல. அப்போ கர்த்தர் எங்க வீட்டுக்காரரோட பேசினார். பிள்ளையை அடிச்சுத் திருத்த முடியாது, வேற வழி பாருன்னார். அவர் கையாலேயே போலீஸுக்கு ஃபோன் போட வெச்சார். இந்த நேரத்துக்கு இந்த இடத்துல என் பையன் வாங்க வருவான், பிடிச்சுக்கோங்கன்னு அவரே சொன்னார். பெத்த தகப்பன் அப்படிச் செய்யணும்னா எவ்வளவு விசுவாசம் வேணும். நம்ம தனசிங் பிரதர்தான் அன்னைக்கு உதவி பண்ணினார். இது நாள் வரைக்கும் எபிக்கு இது தெரியாது. இன்னைக்குக் கர்த்தர் அவனை இவ்வளவு உயர்த்தின பிறகு மறைக்க வேண்டியதில்லைன்னு இந்தச் சபையில வெச்சுச் சொல்றேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. உண்மையாகவே அடைத்துவிட்டது. அம்மாவின் வாய் அசைவது தெரிந்தது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது, சத்தம் வரவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் இன்னும் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று பக்கங்கள் சேர்ந்து சேர்ந்து புரண்டன.

கடைசி வரிசையில் தனசிங் அங்கிள் எழுந்து வெளியே போனார். அவர் போலீஸ்காரர். அந்த நாளில் ஏட்டு, இப்போது ஸ்பெஷல் பிராஞ்சில் எஸ்.எஸ்.ஐ.

நான் ஜெபம் முடியும்வரை உட்காரவில்லை. வண்டியையும் எடுக்கவில்லை. இரும்புலியூர் வீட்டுக்கு வெயிலில் நடந்தே போனேன். போகிற வழியெல்லாம் ஒரே ஆளின் முகம்தான் ஞாபகத்தில் வந்தது. அந்தக் கேஸில் என்னோடு பிடிபட்ட நண்பன் விக்கியின் முகம்.

அந்த நாளை நான் மறக்கவே இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம். பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றது. பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு சந்து. ஆறு மணிக்கு நானும் விக்கியும் அங்கே சந்திப்பதாகப் பேச்சு. நான் முதலில் போய், வழக்கமாகத் தருகிறவனிடம் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுவிட்டேன். விக்கி பத்து நிமிஷம் லேட். வந்ததும் ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டே வந்தான். அவன் பின்னாலேயே போலீஸ் வந்தது. இரண்டு பேரையும் பிடித்தார்கள். என் பையில் எட்டு கிராம், அவன் சட்டைப் பையில் பழைய மிச்சம் கொஞ்சம். அந்த இடமும் நேரமும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நம்பினேன். அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஃபோனில் பேசியதை ஹாலில் இருந்த அப்பா கேட்டிருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அதனால் கணக்கு சுலபமாகப் போட்டேன். விக்கி முதலில் மாட்டியிருக்கிறான், தான் தப்பிக்க என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறான். கோர்ட்டில் எல்லாம் முடிந்த மறுவாரம் ஊரப்பாக்கம் ரயில்வே ஸ்டேஷனில், பத்துப் பேர் பார்க்க, அவனைக் கன்னத்தில் அறைந்தேன். "யூதாஸ்" என்று இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சண்டே ஸ்கூலில் வளர்ந்தவனுக்குக் கெட்ட வார்த்தை என்றாலும் பைபிளிலிருந்துதான் வந்தது. அவனுக்கு அது புரியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "யார்றா அது?" என்று கேட்டான். அதோடு சரி. நாலு வருஷம் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டிருந்தார்கள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களாப்பா?" என்றேன்.

"மிரட்டி விடத்தான் சொன்னேன்."

"என்னது?"

"ஸ்டேஷன்ல கூப்பிட்டு உக்கார வெச்சு, கொஞ்சம் பயம் காட்டி அனுப்பிடுங்கன்னுதான் தனசிங்கிட்ட சொன்னேன். கேஸ் போடச் சொல்லல. எந்த அப்பாவாவது சொல்லுவானா?"

எனக்கு வந்த கோபத்தில் அவர் முன்னால் இருந்த டீபாயைக் காலால் தள்ளினேன். தண்ணீர்ச் சொம்பு உருண்டு போனது. எங்கள் மாதிரி வீடுகளில் இது ஒரு வைத்தியம். பிள்ளை படிக்கவில்லையா, எவளோடோ சுற்றுகிறானா, தெரிந்த போலீஸ்காரரிடம் சொல்லி ஒரு மிரட்டு மிரட்டச் சொல்வது. பிள்ளையிடம் உட்கார்ந்து பேச வாய் வராது, ஏட்டுக்கு ஃபோன் போட மட்டும் வரும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றேன். "பாக்கெட்ல பொட்டலத்தைப் பாத்தீங்கன்னா அதை என் மூஞ்சியில வீசி என்னடா இதுன்னு கேட்டிருக்கலாம்ல."

அம்மாதான் குறுக்கே வந்தாள். "அதனாலதானேடா நீ திருந்தின? அன்னையிலேருந்து தொட்டியா அதை? நல்லதுக்குத்தானே முடிஞ்சுது?"

அவள் கேட்டது நியாயம். நான் அன்றோடு விட்டுவிட்டேன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்று மணிக்கு தனசிங் அங்கிள் வந்தார். சபைக்குப் போட்டு வந்த வெள்ளைச் சட்டையிலேயே இருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னபிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

"சார், நான் காலைல உங்ககிட்ட தனியா பேசலாம்னுதான் வந்தேன்" என்றார் அப்பாவைப் பார்த்து. "அதுக்குள்ள சிஸ்டர் மைக்கைப் பிடிச்சுட்டாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எபி, அன்னைக்கு நடந்ததை நானே உனக்குச் சொல்லியிருக்கணும். அந்த வாரம் காலேஜ் பசங்க, ஐ.டி. பசங்க வர்ற இடமெல்லாம் ரெய்டு. மேலேருந்து உத்தரவு. உன்னை உக்கார வெச்சுட்டு அனுப்பிடலாம்னுதான் கூட்டிட்டுப் போனேன். இன்ஸ்பெக்டர் வந்து பையைப் பிரிச்சுப் பாத்துட்டார். பிரிச்சப்புறம் எழுதித்தான் ஆகணும். தெரிஞ்ச பையன் சார்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"பரவால்ல அங்கிள்" என்றேன். பரவாயில்லாமல் இல்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"நான் அதைச் சொல்ல வரல. உன் வெரிஃபிகேஷன் ஃபைல் என் டேபிளுக்குத்தான் வந்துச்சு. வியாழக்கிழமை. நம்ம சபைப் பிள்ளையாச்சேன்னு ஆசையா பிரிச்சேன். பன்னிரண்டாவது கேள்வியில இல்லைன்னு எழுதியிருக்க."

அம்மா டீ டம்ளர்களோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"கேஸ்தான் முடிஞ்சு போச்சே அங்கிள். வக்கீல் சொன்னாரே."

"எந்த வக்கீல்?"

"ஹரிபிரசாத்னு ஒருத்தர். குத்தத்தை ஒத்துக்க, ஃபைன் கட்டு, இன்னையோட முடிஞ்சுது, ஒரு சுவடு இருக்காதுன்னார்."

தனசிங் அங்கிள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முடிஞ்சுதுப்பா. எப்படி முடிஞ்சுது? நீ குத்தவாளின்னு கோர்ட் சொல்லி முடிஞ்சுது. ஃபைன் கட்டினா அது தண்டனை. கம்ப்யூட்டர்ல உன் பேரைப் போட்டா கிரைம் நம்பரோட வந்து நிக்குது. கட்டின ரசீதை வெச்சுக்கிட்டு விடுதலைன்னு நாலு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

குற்றவாளி. எனக்கு அந்த வார்த்தை வேறு யாரையோ சொல்வதாகத்தான் இருந்தது. கோர்ட்டில் அன்றைக்கு நடந்தது மொத்தம் இரண்டு நிமிஷம். மாஜிஸ்திரேட் கேட்டார், நான் தலையை ஆட்டினேன், கவுண்டரில் பணம் கட்டினோம், வெளியே வந்து அப்பா கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். தண்டனை முடிந்துதான் ஜூஸ் குடித்தேன் என்று இத்தனை நாள் கழித்துத் தெரிகிறது.

"இப்ப திருத்தி ஒரு லெட்டர் குடுக்கலாமா?" என்று அப்பா கேட்டார். தனசிங் அங்கிள் வந்ததிலிருந்து அவர் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி.

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே ரிப்போர்ட் போயிடுச்சு சார். கம்ப்யூட்டர்ல இருக்கறதை நான் எழுதாம விட்டா என் வேலை போகும்."

"ஆம்னு எழுதியிருந்தா?" என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவர் என்னைப் பார்க்காமல் அம்மா கையிலிருந்த டம்ளரைப் பார்த்துச் சொன்னார். "சின்ன அளவு. படிக்கிற வயசு. அதுக்கப்புறம் ஒரு பெட்டி கேஸ்கூட இல்ல. நல்ல நடத்தைன்னு நானே எழுதியிருப்பேன். அப்படி எழுதினவங்களை நிறையப் பேரைச் சேத்துக்கிட்டுதான் இருக்காங்க. கேஸை மன்னிப்பாங்கப்பா. மறைச்சதை மன்னிக்க மாட்டாங்க."

அவர் போனபிறகு அம்மா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள். "ஏன்டா பொய் எழுதின?"

"அப்பாவைக் கேளு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விக்கியின் பழைய நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுப்பான் என்று எதிர்பார்க்கவில்லை. எடுத்தான். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு வரச் சொன்னான். நான் அறைந்த இடத்திலிருந்து நாற்பது அடி தூரம். வேண்டுமென்று சொன்னானா, வழக்கமான கடை என்று சொன்னானா, தெரியவில்லை.

காக்கிச் சட்டையில் வந்தான். இடுப்பில் கட்டிங் பிளேயர் சொருகியிருந்தது. முன்பை விடக் கறுத்திருந்தான்.

"இன்னா மச்சான், நாலு வருசம் ஆச்சா வழி தெரிய?"

நான் சுற்றி வளைக்கவில்லை. "நீ இல்லடா. எங்க அப்பா. அவர்தான் போலீஸுக்கு ஃபோன் பண்ணியிருக்கார். நேத்துதான் தெரியும். என்னை மன்னிச்சுக்கடா."

விக்கி டீ சொல்லக் கையைத் தூக்கியவன் கையை இறக்கவே இல்லை.

"பெத்த அப்பனா?"

"ஆமா."

"பெத்த அப்பன் புடிச்சுக் குடுத்தாரா? உன்னிய?"

"மிரட்டி விடச் சொன்னாராம்."

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான். "அன்னிக்கு ஒரு பேரு சொன்னியே. யூதாசு. யாரு அதுன்னு எனக்குத் தெரில. எங்க தெருவாண்ட ஒரு சர்ச்சு கீது, அங்க போயிக் கேட்டேன். அங்க ஒரு அம்மா முழுக் கதையும் சொல்லிச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல மச்சான். எங்கம்மா கங்கையம்மா கேட்டுச்சு, இன்னாடா ஆச்சுன்னு. ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்கடையில், காலை பத்து மணிக்கு, எல்லோரும் பார்க்க அழுதேன். அவன் தோளைத் தட்டவெல்லாம் இல்லை. டீயை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

பேச்சை மாற்றத்தான் அந்தச் சட்டையைப் பற்றிக் கேட்டேன். "எங்கடா வேலை?"

"ஈ.பி.ல. பர்மனென்ட்டு. ஒன்றர வருசம் ஆவுது."

"கவர்மெண்ட் வேலையா? எப்படிடா குடுத்தாங்க? அந்தக் கேஸ்?"

"ஃபார்ம்ல கேட்டுகீது, கேஸ் கீதான்னு. கீதுன்னு எழுதினேன். எந்த ஸ்டேஷன், எவ்ளோ ஃபைனு, அல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன். ஒரு தபா கூப்ட்டு வெச்சு வெசாரிச்சாங்கோ. இப்ப அடிக்கிறியான்னாரு. இல்ல சார்னேன். மூணு மாசம் இழுத்து இழுத்து பேஜாரா பூடுச்சு. அப்பால ஆர்டர் குடுத்துட்டாங்கோ."

"பயமா இல்லையாடா, ஆமான்னு எழுத?"

"இன்னாத்துக்கு? எங்க தெருவுக்கே தெரியும். போலீசு வூட்டாண்ட வந்து வெசாரிச்சத அல்லாரும் பாத்தாங்கோ. தெருவுக்கே தெரிஞ்சத அவனாண்ட இன்னாத்த மறைக்கிறது?" டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டான். "நீ இன்னா எழுதுன?"

"இல்லைன்னு."

விக்கி என்னைப் பார்த்த பார்வையில் கிண்டல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. அவன் நிஜமாகவே திடுக்கிட்டுப் போயிருந்தான்.

"உங்க வூட்ல அல்லாரும் வாத்தியாருங்களாச்சே மச்சான்" என்றான்.

பத்து நாளில் மெமோ வந்தது. தகவலை மறைத்ததற்காக நியமனத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது, பதினைந்து நாளுக்குள் விளக்கம் தருக. அப்பா உடனே மேஜையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப்போட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். "ரஃப் காப்பி போட்டுத் தர்றேன், நீ பாத்து..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் பேனாவை எடுத்து நேராக எழுதினேன். நாலைந்து இடத்தில் அடித்தல் திருத்தல். அறியாமையால் எழுதிவிட்டேன், வழக்கு முடிந்துவிட்டது என்று நம்பினேன், மன்னிக்கவும். அப்பா சொன்னார் என்று எழுதவில்லை. இருபத்தைந்து வயதில் எங்கப்பா சொன்னார் சார் என்று எழுத எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அதைத் தவிர வேறு பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் இருந்த நம்பிக்கையைச் சொல்லி முடியாது. தனசிங் அங்கிள் ஒரு ஆபீஸரைப் போய்ப் பார்த்தார். அம்மா உபவாசம் இருந்தாள். சபையில் ஜெபக் குறிப்பில் என் பெயரைப் போட வேண்டாம் என்று நான் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரிஜிஸ்டர் தபால் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நின்றபடியே படித்தேன். மேற்படி வழக்கு சிறிய அளவு தொடர்பானது, அதன்பின் விண்ணப்பதாரரின் நடத்தை குறித்துப் பாதகமான தகவல் இல்லை, எனவே வழக்கு மட்டுமே நியமனத்துக்குத் தடையாகக் கருதப்படவில்லை என்று இருந்தது. அந்த வரியில் என் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த வரி, ஆயினும் விண்ணப்பதாரர் தன் கைப்பட உண்மையை மறைத்துள்ளதால் நியமன ஆணை ரத்து செய்யப்படுகிறது.

அப்பா வாங்கிப் படித்தார். இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் அந்த ஜெராக்ஸ் தாள் இருந்தது. என் படிவத்தின் ரஃப் காப்பி. அவர் எந்த ரஃப் காப்பியையும் தூக்கிப் போட்டதில்லை.

"நீ இதைப் பாத்துத்தான் எழுதினே. சரியாப் பாக்கல" என்றார்.

பன்னிரண்டாவது கேள்விக்கு நேரே பென்சிலில் 'இல்லை' என்று இருந்தது. அதைச் சுற்றித் தாள் மட்டும் அழுக்கேறித் தேய்ந்திருந்தது. ரப்பர் போட்டு அழித்த இடம். அப்பா பென்சிலை அழுத்தி எழுதுகிறவர், கரும்பலகைக் கை. ஜன்னல் பக்கம் போய்த் தாளைச் சாய்த்துப் பிடித்தபோது, இல்லைக்கு அடியில் பள்ளமாக இன்னொரு சொல் தெரிந்தது. ஆம்.

அதற்குக் கீழே விவரம் தருக என்ற கட்டம். ஃபேர் காப்பியில் அது காலியாகவே இருந்தது. இதில் நாலு வரி எழுதி, நாலு வரியும் அழிக்கப்பட்டிருந்தது.

"எதுக்குப்பா அழிச்சீங்க?"

"நான் எழுதறதைப் பாத்து நீ எழுதணும்ல. எழுதும்போது உனக்குத் தெரிஞ்சிடும்ல."

எனக்கு என்ன தெரிந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. அழித்த வரிகளை நான் எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் கையை நீட்டித் தாளைக் கேட்டார். கொடுக்கவில்லை.

"சத்தமாப் படிக்காதே" என்றார்.

நான் சத்தமாகவே படித்தேன். "கல்லூரியில் படிக்கும்போது எனக்குப் போதைப் பழக்கம் இருந்தது. என்னிடம் பேசத் தைரியம் இல்லாததால், என் தந்தை ஏசுதாசன் கொடுத்த தகவலின் பேரில் நான் கைது செய்யப்பட்டேன்." அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். கடைசி இரண்டு வரி சரியாகத் தெரியவில்லை. ஜன்னல் கதவை நன்றாகத் திறந்து வைத்து, தாளை இன்னும் கொஞ்சம் சாய்த்து, அதையும் படித்தேன். "இதில் என் பிழையைவிட அவர் பிழை பெரிது. இதைக் கருத்தில் கொண்டு எனக்கு இந்த வேலையை வழங்குமாறு வேண்டுகிறேன்."